ஞாயிறு விருந்துக்குச் சனிக்கிழமை நெருப்பு

அன்பு பாப்பா,

புது வீட்டு விருந்துக்கு நாற்பது பேரைக் கூப்பிட்டுவிட்டு, பிரிஸ்கெட்டை, அதான் மாட்டின் நெஞ்சுக்கறியை, நானே போடுகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இங்கே ஹூஸ்டனில் இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு காலைதான் என்னால் டாலஸ் வந்து சேர முடியும். ராத்திரி முழுக்க நெருப்பு உன் கையிலும் மாப்பிள்ளை கையிலும்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பள்ளி முடித்த அன்று நம் வீட்டு விருந்து நினைவிருக்கும். காலை ஆறு மணிக்குக் கறியை ஸ்மோக்கரில், விறகுப் புகையில் வேகவைக்கும் அடுப்பில், ஏற்றினேன், மாலை ஆறுக்கு விருந்து. மதியம் உள்சூடு 160 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வந்த கறி அப்படியே நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் ஒரு டிகிரி ஏறவில்லை. பயந்துபோய் விறகை அள்ளிப் போட்டேன். எல்லோரும் வந்துவிட்டார்களே என்று 180-இல் இறக்கி அறுத்தேன். ரப்பர் மாதிரி இழுத்தது. உன் தோழிகள் முன்னால் நீ ஒன்றும் சொல்லாமல் மென்று தின்றாய். அந்த முகம் இன்னும் என் மனசில் இருக்கிறது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வியர்த்தால் நம் உடம்பு குளிர்கிறதல்லவா, அதே போலக் கறியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விக்கிறது. நெருப்பு கொடுக்கும் சூட்டை அது அப்படியே தின்றுவிடும். இதைத்தான் இங்கே ‘ஸ்டால்’ என்கிறார்கள். 150-க்கும் 170-க்கும் நடுவே எங்கேயாவது நிற்கும். மேல்புறம் நன்றாகக் கறுத்து, நகத்தால் சுரண்டினாலும் மிளகு உதிராத பதம் வந்ததும், பிங்க் புட்சர் பேப்பரில் (கறி சுற்றும் தடித்த காகிதம்) இறுக்கச் சுற்றி மறுபடி வை. ஏற ஆரம்பிக்கும்.

அளவு சொல்கிறேன். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் முப்பது பேர் என்று வை. கொழுப்பு சீவி, வெந்து, சுருங்கி, வாங்கியதில் பாதிதான் தட்டுக்கு வரும். ஒவ்வொன்றும் பதின்மூன்று பவுண்டில் முழு பிரிஸ்கெட் இரண்டு வாங்கு. கொழுப்பைக் கால் அங்குலம் விட்டுச் சீவு. உப்பும் கொரகொரப்பாக உடைத்த மிளகும் போதும். டெக்சஸ் லாக்ஹார்ட் ஊரில் க்ரைட்ஸ் மார்க்கெட்டுக்குப் போனோமே, 1900-இல் தொடங்கிய கடை, பல காலம் சாஸே வைக்காத கடை. அங்கே நீ சாப்பிட்டுவிட்டு விரலைச் சப்பியது அந்த உப்பு மிளகுக்காகத்தான். நம் கரம் மசாலாவை இதில் போடாதே.

ஞாயிறு ஒரு மணிச் சாப்பாட்டுக்குச் சனி மாலை ஐந்து மணிக்கே ஏற்றிவிடு. ஸ்மோக்கர் 250 டிகிரி. காய்ந்த போஸ்ட் ஓக் (ஒரு வகை ஓக் மரம்) விறகு, ஒரு தடவைக்கு ஒரு துண்டு. புகை மெல்லிசாக, நீலமாகப் போக வேண்டும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் கறி கசக்கும். காற்று போகும் வழியைத் திற. மூடியை அடிக்கடி திறந்து பார்க்காதே.

உள்சூடு 203 டிகிரி வந்தால் இறக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் குத்தூசியைத்தான் நம்புவேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் இறக்கிவிடு. முன்னதாகவே வெந்துவிட்டால் கவலைப்படாதே. பேப்பரோடு துண்டு சுற்றி, பனிக்கட்டி இல்லாத கூலர் பெட்டியில் மூடிவை. நாலு மணி நேரம் சூடாகவே இருக்கும், சாறும் உள்ளே நிற்கும். 140-க்குக் கீழே மட்டும் போக விடாதே. கறி காத்திருக்கும், விருந்தாளிகளைக் காக்க வைக்க முடியாது. சாப்பிடும் நேரத்தில்தான் அறு, நாருக்குக் குறுக்கே. மேல் துண்டில் நார் வேறு திசையில் ஓடும், பார்த்துக்கொள்.

மாட்டுக்கறி தொடாதவர்களுக்குக் கோழித்தொடையைத் தனி கிரில்லில் போடு, கத்தியும் பலகையும் தனியாக. சைவக்காரர்களுக்கு அம்மா தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவருகிறாள்.

ராத்திரி இரண்டு மணிக்குச் சூடு ஏறாமல் நின்றால் விறகை அள்ளிப் போடாதே, எனக்குப் போன் பண்ணு. நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா