சந்தனம் வைத்த விரல்ரேகை அப்படியே பதிந்து நிற்கும் எனாமல் பெயிண்ட்: புகார் கடிதம்

நாள்: 15.10.2025
ஒத்தக்கடை, மதுரை

அனுப்புநர்
உரிமையாளர், டிராக்டர் பெயிண்டிங் பட்டறை,
மேலூர் ரோடு, ஒத்தக்கடை, மதுரை.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தங்கள் சிவப்பு சிந்தெடிக் எனாமல், 1 லிட்டர் டின், முழுதாகக் காயாதது தொடர்பாக.

ஐயா,

யானைமலை அடிவாரத்தில் 22 வருடமாக டிராக்டர் டிங்கரிங், பெயிண்டிங் வேலை செய்கிறேன். மேலூர்ப் பக்கத்துச் சம்சாரி (விவசாயி) ஒருவர் தன் பழைய மாஸி பெர்குசன் வண்டியின் பானெட்டையும் இரண்டு மட்கார்டுகளையும் ஆயுத பூஜைக்குள் புதிதுபோல் ஆக்கித் தரச் சொன்னார். பட்டி போட்டு, தேய்த்து, பிரைமர் அடித்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். வம்பு உங்கள் டின்னில் வந்தது.

வழக்கமாக இரண்டு டின் வாங்கினால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துதான் அடிப்பேன், ஷேடு மாறாது. இந்த முறை டவுனில் உள்ள உங்கள் டீலரிடம் ஒரு டின்தான் இருந்தது. செப்டம்பர் 12 அன்று அதை இடது மட்கார்டுக்கு அடித்தேன். மறுநாள் இரண்டாவது டின் வந்தது. அதை பானெட்டுக்கும் வலது மட்கார்டுக்கும் அடித்தேன். இரண்டும் வேறு வேறு பேட்ச். இரண்டாவது டின்னில் உள்ள தயாரிப்புத் தேதி 20 மாதம் பழையது. வாளியில் ஒன்றாகக் கலந்திருந்தால் இந்தக் குட்டு வெளிப்பட்டே இருக்காது, நானும் என் கையைத்தான் நொந்திருப்பேன்.

இரண்டு நாளும் ஒரே தின்னர், அதுவும் ஒரே கேனிலிருந்து. லிட்டருக்கு 200 மில்லி. எங்கள் பக்கத்தில் குச்சியைத் தூக்கி வடியவிட்டுப் பார்த்துத்தான் பதம் சொல்வார்கள். நான் பி4 ஃபோர்டு கப் வாங்கி வைத்திருக்கிறேன், அடியில் ஓட்டை உள்ள கப், பெயிண்ட் வடிய எத்தனை விநாடி ஆகிறது என்பதை வைத்துப் பதம் பார்ப்பது. இரண்டு நாளும் 22 விநாடி. அடி மண்டியைச் சட்டக் குச்சியால் கிளறி, நைலான் துணியில் வடிகட்டித்தான் ஸ்பிரே கன்னில் ஊற்றினேன். காற்றழுத்தம் 45 பவுண்டு, ஒரு சாண் தூரம், முதலில் லேசாக ஒரு தூவல், அப்புறம் இரண்டு கோட்டு. கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரைக் காலையிலேயே திறந்துவிட்டேன். இரண்டு நாளும் நல்ல வெயில்.

ஒரு வாரம் கழித்து பாலிஷ் செய்யலாம் என்று உங்கள் டின்னிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். நான் 25ஆம் தேதி வரை பொறுத்தேன். இடது மட்கார்டை 1500, 2000 வாட்டர் பேப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டு வைத்து, மெஷினை மெதுவாக ஓட்டினேன். முகம் பார்க்கலாம் போல் வந்தது. பேடில் சிவப்பு ஏறியது. எனாமலில் அது சகஜம், அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்து பானெட். நாலு இழுப்பில் பேப்பரில் பிசின் மாதிரி அப்பிக்கொண்டது. தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து, ஓரத்தில் மட்டும் மெஷினால் பஃபிங் (பாலிஷ்) வைத்துப் பார்த்தேன். உடம்பில் அழுக்குத் திரளுவதுபோல் பெயிண்ட் உருண்டு வந்துவிட்டது. மேலே தோல் கட்டியிருக்கிறது, உள்ளே காயாமல் பச்சையாக இருக்கிறது. நகத்தை வைத்தால் பிறை விழுகிறது.

பூஜைக்கு வேறு வழியில்லாமல் வண்டியை அப்படியே கொடுத்தேன். அன்று சம்சாரியின் வீட்டம்மா பானெட்டில் சந்தனம் வைத்தார். சந்தனத்தைத் துடைத்தால் அவருடைய விரல்ரேகை பெயிண்டில் நிற்கிறது. அடித்து 18 நாள் ஆன பெயிண்ட்! போட்டோ இணைத்திருக்கிறேன். இன்றும், 32 நாள் கழித்தும், வலது மட்கார்டில் நகம் பதிகிறது.

அக்டோபர் 8 அன்று வந்த உங்கள் பிரதிநிதி கால் மணி நேரம் நின்றார். முதல் கேள்வியே “மண்ணெண்ணெய் கலந்தீர்களா?” என்பதுதான். கலக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். என் பட்டறையில் அது கிடையாது. பிறகு தின்னர் கூடிவிட்டது என்றார். தின்னர் கூடினால் பெயிண்ட் வழியும், மினுக்குக் குறையும். ஒரு மாதம் பச்சையாக நிற்காது. கோட்டு தடிப்பு என்றார். தடிப்பாக அடித்திருந்தால் சுருக்கம் விழுந்திருக்கும். ஒரு சுருக்கத்தைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. கடைசியில் எனாமலுக்கு பஃபிங்கே ஆகாது என்றார். பாலிஷ் செய்யலாம் என்று அச்சிட்ட பக்கம் தெரியும்படி டின்னைத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன். மிச்சப் பெயிண்டில் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். எடுக்காமல் போய்விட்டார்.

எனாமல் காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் இறுகுகிறது. அதற்கு டிரையர், அதாவது பெயிண்டிலேயே கலந்து வரும் காயவைக்கும் மருந்து வேண்டும். மேற்புறத்தைக் காயவைப்பது ஒன்று, உள்வரை இறுக்குவது இன்னொன்று. டின் நாள்பட்டால் சில நிறமிகள் டிரையரின் வீரியத்தை இழுத்துக்கொள்ளும். இங்கே நடந்தது அதுவா, தயாரிப்பில் டிரையர் போடும்போதே குறைந்ததா என்பதை உங்கள் லேபில்தான் பார்க்க வேண்டும். அந்த பேட்ச்சின் மாதிரி உங்களிடம் இருக்குமே, அதைச் சோதித்து முடிவை எழுத்தில் தாருங்கள்.

இரண்டு பாகத்தையும் உரித்து மறுபடி அடிக்க வேண்டும். டின் விலை ரூ. 430, ரிமூவர், பிரைமர், தின்னர், பேப்பர் ரூ. 1,850, இரண்டு ஆள் இரண்டு நாள் கூலி ரூ. 3,600, ஆக ரூ. 5,880. ஒருபோகப் பாசனத் தண்ணீரை நம்பி வண்டி தொளிக்குள் (சேற்று வயலுக்குள்) இறங்கப் போகிறது. சம்சாரி அவசரப்படுகிறார், அதனால் என் கைக்காசைப் போட்டு வேலையைத் தொடங்குகிறேன். டீலர் கடை அலமாரியில் அதே பேட்ச் டின்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றையும் திரும்ப எடுங்கள், இன்னொரு பெயிண்டர் மாட்ட வேண்டாம்.

15 நாளில் பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை என்பதால் எனக்கு அதில் தயக்கமும் இல்லை.

டின்னில் கால் லிட்டர் பெயிண்ட் மிச்சம் இருக்கிறது. மூடியை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். வலது மட்கார்டை மட்டும் நீங்கள் பார்க்கும்வரை உரிக்காமல் கடைசிக்கு வைக்கிறேன். ஆள் அனுப்புவதாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்

இணைப்பு: இரண்டு ரசீதுகளின் நகல், டின் லேபிள் போட்டோ, பானெட், மட்கார்டு போட்டோ 4.