பினாங்குக்கு வருகிறவர்களை முதலில் எங்கே அழைத்துப் போவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையை ஒட்டி ஞாயிறு மலரில் வெளிவந்த பினாங்குச் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். காலையில் கொடிமலை ரயில், மதியம் சுவர் ஓவியங்களுக்கு முன்னால் படம், மாலையில் கர்னி டிரைவில் சாப்பாடு. எல்லாமே பார்க்க வேண்டியவைதாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தப் பட்டியலோடு சுற்றிவிட்டுப் போகிறவருக்கு, பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனில் யார் யார் குடியேறினார்கள், எப்படி ஒருவரையொருவர் உரசிக்கொண்டு வாழ்கிறார்கள் என்பது கடைசிவரை தெரியாது.

இங்கேயே பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் ஒரு யோசனை சொல்கிறேன். முதல் நாள் காலையில் ஒரே ஒரு தெருவுக்கு அழைத்துப் போங்கள். பழைய ஆட்கள் இன்னும் பிட் ஸ்திரீட் என்றே சொல்லும் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்தான் அது. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். கார் வேண்டாம், நடைதான்.

தெருவின் வடக்கு முனையில் 1818-இல் எழுந்த செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம். ஆங்கிலேயர் கட்டியது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். வேலை செய்தவர்கள் கைதிகள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இன்னின் கோவில். சீனர்களில் ஹொக்கியன்காரர்களும் கான்டனீஸ்காரர்களும் சேர்ந்து எழுப்பியது. வாசல் சைனா ஸ்திரீட்டுக்கு நேராகக் கடல் பக்கம் பார்த்திருக்கும். முற்றத்தில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும், புறாக்கள் காலுக்குள் வந்து நிற்கும். நம்மவர்களில் சிலரும் வேலைக்குப் போகிற வழியில் ஒரு பத்தி ஏற்றிவிட்டுப் போவதுண்டு. இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் எழுதுவதில்லை.

இன்னும் கொஞ்சம் நடந்தால் மகா மாரியம்மன் கோவில், 1833-இல் கட்டியது. இங்கேதான் விருந்தினர்கள் ஏமாந்துபோவார்கள். பிட் ஸ்திரீட்டில் தெரிவது கோவிலின் பின்பக்கம். சந்து வழியாகச் சுற்றி குயின் ஸ்திரீட்டுக்குப் போனால்தான் கோபுரம் கண்ணில் படும். அப்படியே லிட்டில் இந்தியாவுக்குள் நுழைந்து, வாழை இலைச் சாப்பாட்டோடு நாளை முடித்துக்கொள்வது தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் வழக்கம். அழைத்துப் போகிற நாமும் அதற்குத் தாளம் போடுகிறோம். “நம்ம ஊர் மாதிரியே இருக்கே” என்று கேட்கத்தான் விமானம் ஏறி வந்தார்களா?

திரும்பி வந்து தெற்கே நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த நிலத்தில், இந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொகிதீன் எழுப்பியது. பக்கத்தில் சூலியா ஸ்திரீட்டில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா இருக்கிறது, தவறவிட வேண்டாம். அச்சே ஸ்திரீட் பள்ளிவாசல் 1808-ஐச் சேர்ந்தது. அதற்குக் கூப்பிடு தூரத்தில் கூ கொங்சி, கூ என்ற சீனக் குலத்தாரின் கோவிலும் சங்கமுமான மண்டபம். 1901-இல் கட்டி முடித்த கையோடு அது எரிந்துபோனது. அரண்மனையைப் போல் அவ்வளவு ஆடம்பரமாகக் கட்டியதில் சாமிக்குக் கோபம் என்று பேசிக்கொண்டார்களாம். இப்போது இருப்பது 1906-இல் முடிந்தது, முதலில் கட்டியதைவிட அடக்கமானது என்கிறார்கள். அடக்கமே இப்படி என்றால், எரிந்துபோனது எப்படி இருந்திருக்கும்!

இந்த நடையில் விருந்தினரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இந்தத் தெருக்களின் கடைவீடுகளில் பல தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் குடியிருந்தவர்கள் ஏராளம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டோடு விலகியதும் வாடகை எகிறியது. தச்சர், பூட்டுக்காரர், பிரம்பு பின்னுகிறவர் என்று பலர் வெளியேறினார்கள். 2008-இல் உலகப் பாரம்பரிய நகரம் என்ற யுனெஸ்கோ பட்டம், 2012-இல் ஆர்மினியன் ஸ்திரீட்டில் சைக்கிள் பிள்ளைகளின் சுவர் ஓவியம், அப்புறம் வரிசையாகக் காப்பிக் கடைகளும் தங்கும் விடுதிகளும். பட்டத்தால் பல கட்டடங்கள் பிழைத்தன, அதை மறுக்கவில்லை. ஓவியத்தோடு படம் எடுக்கிறவர்கள், அந்தச் சுவருக்குப் பின்னால் யார் குடியிருந்தார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டால் நன்றாக இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டுரையாளர் விரிவாகவே எழுதிவிட்டார். நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போலச் சுமந்து விற்ற சோறு என்பதை மட்டும் விட்டுவிட்டார். துறைமுகத் தொழிலாளிகள்தாம் அதன் முதல் வாடிக்கையாளர்கள்.

தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் தண்ணீர்மலைக் கோவில் படிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், வெள்ளிரதம் வருகிற பாதையிலும் நிற்க வேண்டும். ரதத்துக்கு முன்னால் மலைபோலக் குவிந்த தேங்காய்களை உடைப்பவர்களில் சீனர்கள் எவ்வளவு பேர் என்று அங்கே நின்றால்தான் தெரியும்.

கடைசியாக, அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வரும்போது சில நடைமுறை விவரங்களையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து பாலத்தில் வராமல் ஃபெர்ரியில் வந்தால் ஊர் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். பள்ளிவாசலுக்குள் போக உடம்பை மூடும் உடை வேண்டும், தொழுகை நேரத்தில் போகக் கூடாது. செப்டம்பர், அக்டோபரில் பிற்பகல் மழை சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும், எனவே குடை கட்டாயம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு