வியர்வை அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

மலையகத் தோட்ட முகாமையாளர்களுக்கும், தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும், பிரதேச வைத்தியசாலைகளில் கடமையாற்றும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம்.

ஒர்கனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்து உடலில் சேர்ந்தவரின் முதல் நாளை நீங்கள் நன்கு அறிவீர்கள். கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், எச்சில் வழியும், உடல் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு கரகரக்கும். மாற்றுமருந்தான அற்றோப்பின் ஏற்றினால் அடங்கும். இந்த மடல் அதற்குப் பிறகு வரும் மூன்று நாட்களைப் பற்றியது. அந்த நாட்களில்தான், தேறிவிட்டார் என்று எல்லோரும் நம்பிய ஒருவர் மூச்சுவிட முடியாமல் போகிறார்.

இதற்கு இடைநிலைக் கூட்டறிகுறி என்று பெயர். இதை உலகுக்கு விவரித்தவர்கள் நம் பேராதனையைச் சேர்ந்த நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். 1987இல் பத்து நோயாளரை வைத்து எழுதினார்கள்: நஞ்சு சேர்ந்து 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் கழுத்து, தோள், தொடைத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்கின்றன. அவர்கள் கண்ட பென்தியோன், மொனோகுரோட்டோபொஸ், டைமெதோவேற், மெதமிடோபொஸ் நான்கும் இன்று இலங்கையில் தடை. அதே குடும்பத்து வேறு பூச்சிமருந்துகளும் இதையே செய்யும்.

காரணம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே தசையைத் தூண்ட நரம்பு விடும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை உடைத்து அகற்றும் நொதியை இந்த நஞ்சு முடக்குகிறது. அசற்றைல்கோலின் தேங்கி, தசையை ஓயாமல் தூண்டித் தூண்டி, கடைசியில் தசை பதிலே சொல்லாமல் போகிறது. அற்றோப்பின் சுரப்பிகளிலும் இதயத்திலும் குடலிலும் வேலை செய்யும்; தசைச் சந்தியில் செய்யாது. ஆகவே நெஞ்சு தெளிந்தது என்பதை வைத்துத் தசை தப்பியது என்று முடிவு செய்யாதீர்கள்.

தாதியருக்கு ஒரு வேண்டுகோள். முதல் நான்கு நாட்களும், இரவிலும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தலையணையை எடுத்துவிட்டு, “தலையத் தூக்கிப் பிடிங்க” என்று சொல்லுங்கள். ஐந்து செக்கன் பிடிக்க முடியாவிட்டால் உடனே வைத்தியரை அழையுங்கள். பெரும்பாலும் கழுத்துத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பிறகு ஒரே மூச்சில் இருபது வரை எண்ணச் சொல்லுங்கள். முன்பு எண்ணியதைவிட எண்ணிக்கை குறைந்து வந்தால் அதுவும் எச்சரிக்கை. இமை தொங்குகிறதா, தண்ணீர் விழுங்கும்போது புரையேறுகிறதா என்று பாருங்கள். ஒட்சிசன் அளவைக் காட்டும் விரல் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். அது இறங்கும்போது நேரம் கடந்திருக்கும்.

வைத்தியர்களுக்கு: அற்றோப்பினை 1.8 முதல் 3 மில்லிகிராமில், அதாவது 0.6 மில்லிகிராம் குப்பி மூன்று முதல் ஐந்தில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டியுங்கள். நெஞ்சு தெளிந்து, நாடி 80க்கு மேல் வந்ததும், கொடுத்த மொத்த அளவில் 10–20 வீதத்தை மணித்தியாலத்துக்கு ஏற்றுங்கள். காய்ச்சலும் பிதற்றலும் வந்து குடல் ஓசை அடங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. மூச்சுக்குக் குழாய் பொருத்த வேண்டி வந்தால், அதற்காகத் தசையைத் தளர்த்தும் மருந்துகளில் சக்ஸமெத்தோனியத்தைத் தவிருங்கள். அதை உடைக்கும் நொதியையும் நஞ்சு முடக்கியிருப்பதால் சில நிமிடச் செயலிழப்பு மணிக்கணக்காக நீளும். றொக்கியூரோனியம் பாதுகாப்பானது, அளவு சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். இன்னொரு வைத்தியசாலைக்கு அனுப்புவதானால், மலைப்பாதையின் வளைவுகளில் மூச்சு நிற்கக்கூடும் என்று கருதி, பை-முகமூடி கொண்டு மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள். தனியாக அனுப்பவே வேண்டாம்.

தோட்ட வைத்திய உதவியாளர்களே, உப்புத் தண்ணீரோ சவர்க்காரத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பூச்சிமருந்தோடு கலந்த கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். உடையைக் கழற்றி உடலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கையுறை அணிந்துகொண்டு. அவர் ஏன் குடித்தார் என்ற விசாரணை அப்போது வேண்டாம். அந்தப் பேச்சை, உடல் தேறியபின், அதற்குரியவர் பரிவோடு பேசட்டும்.

பூச்சிமருந்துப் போத்தலையும் கூடவே அனுப்புங்கள். முடங்கிய நொதியை மீட்கும் பிரலிடொக்சிம் மருந்தைக் கொடுப்பதா என்பது நஞ்சின் வகையைப் பொறுத்தது. டைமெதைல் வகையில் நொதியின் பாதி ஏறக்குறைய 3.7 மணித்தியாலத்தில் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். டைஎதைல் வகையில் 33 மணித்தியாலம் ஆகும். களஞ்சியத்தில் பூச்சிமருந்தைச் சோடாப் போத்தலுக்கு மாற்றி வைப்பது இந்தத் தகவலை அழித்துவிடுகிறது. முகாமையாளர்கள் அதை இன்றே நிறுத்த வேண்டும்.

முகாமையாளர்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம். பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும் என்ற பயத்தில் உறவினர் கட்டிலருகே இருக்க முடியாமல் லயத்துக்குத் திரும்புகிறார்கள். அந்த நான்கு நாட்களுக்கு ஒருவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். மருந்தடித்தவர் மயங்கினால், மறுநாள் மீண்டும் டாங்கியை அவர் முதுகில் ஏற்றாதீர்கள்.

விடுதியிலிருந்து அனுப்பும்போது எச்சரிக்கையைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள், வாய்விட்டும் படித்துக் காட்டுங்கள்: தலை நிமிரவில்லை, விழுங்க முடியவில்லை, கை மேலே எழவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் விடியும்வரை காத்திராமல் 1990ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
மலையகத்தில் நஞ்சுச் சிகிச்சையில் ஈடுபட்டுள்ளோர்