கோச்சை மாற்றச் சொல்லும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கால்பந்து ரசிகர்களுக்கு,

போன வாரம் என் அணி தோற்றது. எழுபதாவது நிமிடம், ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம். கோச் ஸ்ட்ரைக்கரை வெளியே எடுத்துவிட்டு ஒரு மிட்ஃபீல்டரை இறக்கினார். நான்காவது நடுவர் தூக்கிய பலகையில் அந்தச் சிவப்பு எண் எரிந்ததுமே கேலரி முழுக்க ஊளை. ஆட்டம் முடிந்தபின் தொடங்கிய வாக்குவாதம் விடிய விடிய ஓடியது. இவருக்கு ஆட்டம் தெரியவில்லை, உடனே வீட்டுக்கு அனுப்புங்கள் என்பதுதான் மொத்தப் பேச்சும்.

எனக்கு மனதில் நின்றது வேறொன்று. கோட்டுக்கு வெளியே மூன்று பேர் வார்ம் அப் செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர்தான் எங்கள் கிளப்பிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர். இருபது நிமிடம் ஓடினார், குனிந்து நிமிர்ந்தார், இரண்டு முறை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. கடைசி மாற்றமும் முடிந்ததும் சட்டைமேல் மாட்டியிருந்த மஞ்சள் பிப்பை, அந்தக் கையில்லா மேலாடையைக் கழற்றிப் போட்டார், ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார், போய் உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. அதைப் போட்டபோது இப்போதைய கோச் இங்கே இல்லை, இவருக்கு முன்னால் இருந்தவரும் இல்லை. அது கையெழுத்தான நாளில் நாம் எல்லாரும் கை தட்டினோம். நானும்தான்.

நண்பர்களே, நாம் சண்டை போடும் நாள் தவறாக இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு சப்ஸ்டிட்யூஷனின், அதாவது ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றுவதன் ஆயுள் இருபது நிமிடம். ஓர் ஒப்பந்தத்தின் ஆயுள் நான்கு, ஐந்து ஆண்டு. முதலாவதற்காகத் தொண்டை கிழியக் கத்துகிறோம். இரண்டாவது வரும் நாளில் புதுச் சட்டையைப் பிடித்தபடி வீரர் சிரிக்கும் படத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போய்விடுகிறோம்.

லண்டன் கிளப்பான ஆர்சனலில் ஜெர்மன் மிட்ஃபீல்டர் மெசுட் ஓசிலுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2018 கோடையில் அவருக்கும் சக வீரர் அலெக்ஸிஸ் சான்செஸுக்கும் ஒரே சமயத்தில் ஒப்பந்தம் முடிய இருந்தது. இருவரையும் ஒரு காசு வாங்காமல் இழக்கும் நிலை. ஜனவரியில் சான்செஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். அடுத்த சில நாட்களிலேயே ஓசிலுக்கு 2021 வரை புதிய ஒப்பந்தம் வந்தது. வாரத்துக்கு மூன்றரை லட்சம் பவுண்டு என்று அப்போது செய்திகள் சொல்லின. ரசிகர்களுக்கு நிம்மதி, ஒருவராவது தங்கினாரே என்று. அந்தச் சீசன் முடிவிலேயே கோச் ஆர்சன் வெங்கர் விடைபெற்றார். அடுத்து வந்த உனாய் எமெரியின் ஆட்ட முறையில் ஓசிலுக்கு நிலையான இடம் இல்லை. எமெரியும் 2019 நவம்பரில் நீக்கப்பட்டார். பிறகு மிக்கெல் அர்டெட்டா. 2020 மார்ச்சுக்குப் பிறகு ஓசில் ஆர்சனலுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த அக்டோபரில் லீக்குக்குப் பதிவு செய்த பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை. 2021 ஜனவரியில் துருக்கியின் ஃபெனர்பாசெ கிளப்புக்குப் போனார். ஒரே ஒப்பந்தம், மூன்று கோச்சுகள். இடையில் ஒவ்வொரு தோல்விக்கும் நாம் யாரைக் கேள்வி கேட்டோம்? அன்றைக்கு பெஞ்சருகே நின்ற கோச்சைத்தான்.

இதில் ஓசிலின் தவறு என்ன? கொடுத்தார்கள், கையெழுத்திட்டார். ஒரு வீரரின் ஆட்ட வாழ்க்கை பத்துப் பதினைந்து ஆண்டுதான். எழுதிக் கொடுத்த சம்பளத்தைக் கேட்டு வாங்குபவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவது எனக்கு ஒருபோதும் ஒப்பாத விஷயம். நாம் வேலை பார்க்கும் இடத்தில் அப்படி யாராவது நம்மைச் சொன்னால் சும்மா இருப்போமா? வீரர்கள் இந்த உரிமைக்காக நீதிமன்றம் வரை போனவர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் பணம் கேட்டு ஆளைப் பிடித்துவைக்கும் வழக்கம், பெல்ஜிய வீரர் ழான் மார்க் பாஸ்மன் ஐரோப்பிய நீதிமன்றத்தில் 1995 டிசம்பரில் பெற்ற தீர்ப்புக்குப் பிறகுதான் ஒழிந்தது. அதனால் ஒரு நல்ல வீரருக்கு இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும்போதே கிளப் முடிவெடுக்க வேண்டும், புதுப்பிப்பதா விற்பதா என்று. கடைசி ஆறு மாதம் வரை தள்ளிப்போட்டால் ஆளும் போவார், பணமும் வராது, இல்லை பதற்றத்தில் கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டி வரும். அந்தத் தாமதம் எந்தக் கோச்சின் பலகையிலும் தெரியாது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். இது புரிந்த பிறகு நான் ஆட்டம் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

ஒரு வீரரை 10 கோடி யூரோ கொடுத்து, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். கணக்குப் புத்தகத்தில் அந்த 10 கோடி ஒரே ஆண்டில் செலவாக வராது. ஆண்டுக்கு 2 கோடியாகப் பிரித்து எழுதுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து புத்தகத்தில் அவர் மதிப்பு 6 கோடி. அவர் சரியாக ஆடவில்லை, வேறொரு கிளப் 4 கோடிக்குக் கேட்கிறது. விற்றால் அந்த ஆண்டுக் கணக்கில் 2 கோடி நஷ்டம் விழும். அதனால் விற்க மனம் வராது. சம்பளமும் பெரிது என்பதால் வாங்க வருபவர்களும் குறைவு. விளைவு, அவர் பெஞ்சில் இருப்பார். கோச்சுக்கு வேண்டிய வேறொரு ஆளை வாங்க இடமிருக்காது. நாம் அரங்கிலிருந்து பார்த்துவிட்டு, கோச் பிடிவாதக்காரர், நல்ல ஆளை வீணடிக்கிறார் என்போம்.

லண்டனின் செல்சி கிளப் 2023 ஜனவரியில் உக்ரைன் வீரர் முட்ரிக்கை எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியது இந்தப் பிரிப்பை நீட்டிக்கத்தான் உதவியது. ஆண்டு கூடக் கூட வருடச் செலவு குறைவாகத் தெரியும் அல்லவா? அதே ஆண்டு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா குறுக்கிட்டது, ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கணக்கில் ஐந்து ஆண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று. டிசம்பரில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகளும் அப்படியே முடிவெடுத்தன.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கிளப்பின் சொந்த அகாடமியில் எட்டு வயதிலிருந்து வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். அவனை 3 கோடிக்கு விற்றால் 3 கோடியும் லாபம். கணக்கில் ஓட்டை விழுந்த ஆண்டில் முதலில் யாரை விற்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். நம் பாட்டைப் பாடி வளர்ந்த பையன் போகிறான், யாருக்கும் வேண்டாத பெரிய ஒப்பந்தம் தங்குகிறது. அவன் போன ஆறு மாதத்தில் மிட்ஃபீல்டில் ஓட ஆளில்லை என்று கோச்சைக் கேட்கிறோம்.

அலுவலகத்தில் எடுக்கும் முடிவு புள்ளிப் பட்டியலில் நேராகவே வந்து விழுவதும் உண்டு. 2023-24 பிரீமியர் லீக் சீசனில் செலவு விதியை மீறியதற்காக எவர்டன் மொத்தம் 8 புள்ளிகளை இழந்தது, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 4. எந்தக் கோச்சின் எந்த மாற்றமும் ஒரே நாளில் நான்கு புள்ளியைப் பறித்ததில்லை.

சரி, அப்படியென்றால் கோச்சை நீக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த வாதத்தில் எப்போதும் மான்செஸ்டர் யுனைடெட் கோச்சாக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனை இழுத்து வருவோம். 1986 நவம்பரில் வந்தார், மூன்று ஆண்டு கோப்பை இல்லை, ரசிகர்கள் போகச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள், 1990 மே மாதம் எஃப்ஏ கோப்பை வந்தது, அதற்குப் பிறகு 13 லீக் பட்டங்கள். எல்லாம் உண்மை. ஆனால் பொறுமை காட்டப்பட்ட எல்லாரும் ஃபெர்குசன் ஆகிவிடவில்லை. எனக்கு அவருடைய தொடக்கத்தைவிட, அவர் 2013-ல் போன பிறகு நடந்ததுதான் பாடமாகப் படுகிறது. அடுத்த கோச் டேவிட் மோயஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்தே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். அவர் கைக்கு வந்த அணியைப் பாருங்கள். ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். கிக்ஸுக்கு அந்தச் சீசனிலேயே நாற்பது வயது. 2014 கோடையில் முதல் மூவரும் கிளப்பை விட்டுப் போனார்கள், கிக்ஸ் ஆடுவதை நிறுத்தினார். ஒரு தலைமுறையே ஒன்றாக முடியப்போகிறது என்பது அவர்களின் வயதிலும் ஒப்பந்தத் தேதியிலும் முன்பே எழுதியிருந்தது. மோயஸும் தவறு செய்தார்தான். ஆனாலும் எல்லாக் கோபமும் அவர் ஒருவர் மேல் விழுந்தது நியாயமில்லை.

நீக்கினால் பலன் கிடைப்பதும் உண்டு, மறைக்க மாட்டேன். லெஸ்டர் கிளப்பை 2016-ல் இங்கிலாந்து லீக் சாம்பியன் ஆக்கிய கோச் கிளாடியோ ரனியேரியை ஒன்பது மாதத்தில், 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். என் நெஞ்சு இன்னும் ஆறவில்லை. ஆனால் அடுத்து வந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார், அணி பன்னிரண்டாவது இடத்தில் முடித்தது. அப்புறம்? அதே ஆண்டு அக்டோபரில் அவரையும் அனுப்பினார்கள். நடுக்களத்தைத் தாங்கிய கான்டே 2016 கோடையிலேயே செல்சிக்குப் போய்விட்டார், போன முதல் சீசனில் அங்கேயும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஓட்டையை எந்தக் கோச் வந்து அடைப்பார்?

நம் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மனியில் 2023 டிசம்பரில், ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை இருபது ஆண்டுக்கு ஒரு முதலீட்டாளருக்குக் கொடுக்க லீக் அமைப்பு முடிவெடுத்தது. அது ஒரு தொழில் ஒப்பந்தம், கோல் இல்லை, சிவப்பு அட்டை இல்லை. ஆனாலும் ரசிகர்கள் அதைப் படித்தார்கள், புரிந்துகொண்டார்கள். வாரா வாரம் டென்னிஸ் பந்துகளையும் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசுகளையும் மைதானத்துக்குள் எறிந்தார்கள். ஆட்டங்கள் நின்றன, வீரர்கள் பந்துகளைப் பொறுக்கினார்கள். 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்ற விதி அங்கே இருப்பதால் அவர்களுக்குக் கூடுதல் பலம் என்பது உண்மை. அந்தப் பலம் இல்லாத நமக்குக் குரலாவது இருக்கிறது. அதைச் சரியான நாளில் பயன்படுத்தலாமே.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை புது வீரர் சட்டையைப் பிடித்துச் சிரிக்கும் படம் வந்தால், எத்தனை ஆண்டு, முடியும்போது அவருக்கு என்ன வயது, இவரைக் கேட்டது கோச்சா அல்லது ஆள் வாங்குவதைக் கவனிக்கும் ஸ்போர்ட்டிங் டைரக்டரா, இந்தக் கோச் போனாலும் அடுத்தவருக்கு இவர் பயன்படுவாரா என்று அன்றைக்கே கேளுங்கள். ரசிகர் சங்கக் கூட்டத்துக்கு நிர்வாகி வந்தால், ஒப்பந்தம் முடிய இரண்டு ஆண்டு இருக்கும் வீரர்கள் யார் யார், அவர்களைப் பற்றி என்ன முடிவு என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே ஊளையிடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அப்புறம் ஒன்று. இந்தச் சனிக்கிழமையும் அவர் வார்ம் அப் செய்ய வருவார், அதே மஞ்சள் பிப்பில், நாம் உட்காரும் பக்கமாகத்தான். தயவுசெய்து சம்பளத்தைச் சொல்லிக் கத்தாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உங்களோடு அதே கேலரியில் நிற்கும்
ஒரு ரசிகன்