நகரத்து ஓவியங்கள் ஹட்டனுக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் நகரத்துக் கலைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் குழுக் கண்காட்சி பற்றி உங்கள் ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். நானும் போய்ப் பார்த்தேன். தகரம், சீமெந்துப் பை, கட்டடங்களைச் சுற்றிக் கட்டுகிற பச்சை வலை, கிழிந்த பதாகை என்று நகரம் வீசியெறிவதையெல்லாம் பொறுக்கி வேலை செய்திருக்கிறார்கள். சிலது வெறும் வித்தைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர்களின் முதுகுகளை மட்டும் வரிசையாக வரைந்திருந்த அந்தப் பெரிய படம் இருக்கிறதே, அதன் முன்னால் கனநேரம் நின்றேன்.

அந்த முதுகுகளில் எத்தனை எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து போனவை? சாப்பாட்டுக் கடைகளிலும் புடவைக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் வீட்டு வேலைகளிலும் மலையகப் பிள்ளைகள் இல்லாத கொழும்பு கிடையாது. அந்தப் பிள்ளை கடையை விட்டு இறங்கும்போது கலரி பூட்டியிருக்கும், திறந்திருந்தாலும் கண்ணாடிக் கதவையும் ஏசிக் குளிரையும் காவலாளியின் பார்வையையும் தாண்டி உள்ளே போகிற துணிச்சல் சுலபமாக வராது. இங்கே தோட்டத்து லய வீட்டில் இருக்கிற தாய் தகப்பனோ அவிசாவளை பக்கமாக நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும், யார் விடுவார்கள்?

1993இல், ஓவியர் ஜோர்ஜ் கீற் பெயரிலான மன்றம் தொடங்கிய 'கலா பொல' ஓவியச் சந்தையில் படங்களைத் தெருவோரத்திலேயே வைக்கிறார்கள். செருப்புக் காலோடு எவரும் பார்க்கலாம், விலை கேட்கலாம், பேரம்கூடப் பேசலாம். அந்தக் கீற் பிறந்தது கண்டியில்தான். அவரும் சேர்ந்திருந்த '43 குழு' என்ற ஓவியர் குழு 1952இலேயே தன் படங்களைக் கப்பலேற்றி லண்டனில் காட்டியது. லண்டனுக்கே போக முடிந்ததென்றால் ஹட்டனுக்கு ஒரு லொறி வராதா?

நான் கேட்பது இதுதான். கண்காட்சி முடிந்ததும் படங்களை அப்படியே கட்டி வைக்காமல் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நகரசபை மண்டபத்தில், இல்லாவிட்டால் ஒரு பாடசாலை மண்டபத்தில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வைக்கட்டும். ஞாயிறு என்பது முக்கியம், தோட்டத்துச் சனம் வெளிக்கிடக்கூடிய நாள் அதுதான். பெப்ரவரி, மார்ச் என்றால் மழையும் குறைவு, ஈரத்தில் காகிதம் சுருண்டு போகாது. ஏப்ரலில் நுவரெலியாவில் கார் ஓட்டத்துக்கும் மலர்க் கண்காட்சிக்கும் அனுசரணை கொடுக்கிற கம்பெனிகள் லொறி வாடகைக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் குறைந்து போகமாட்டார்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுக்கிற எங்கள் பிள்ளைகளில் பலர் அச்சில் வந்த படங்களைத் தவிர வேறு பார்த்ததில்லை. தகரத்திலும் படம் செய்யலாம் என்று வகுப்பில் நான் சொன்னால் சிரிக்கிறார்கள். ஹட்டனில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் போன்றவர்கள் தோட்டத்து வாழ்க்கையையே கருவாக்கிக் கொழும்பு கலரிகளில் வைத்துவிட்டார்கள், அவர்களுடைய வேலைகளையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். படங்களுக்குக் கீழே தமிழிலும் இரண்டு வரி இருக்கட்டும்.

மண்டபம் பிடிப்பது, பிள்ளைகளைக் கூட்டிவருவது, ஆணி அடிப்பது எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஏற்பாட்டாளர்கள் கண்ணில் படும்படி இந்தக் கடிதத்தைப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு சித்திர ஆசிரியர்,
டிக்கோயா