ஆறு குப்பி

அன்புள்ள கயலுக்கு,

நேற்று போனில் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது, "மருந்து குமிழுக்குள்ள நிக்கவே மாட்டேங்குதும்மா, கசிஞ்சிடுது. விட்டுட்டு வந்துடலாம்னு இருக்கு" என்றாய். அப்போது டூட்டியில் இருந்தேன், பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2021-இல் கருப்புப் பூஞ்சை வார்டில் எனக்கு டூட்டி போட்டிருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை உன் குமிழ் மாதிரியே நுண்ணிய கொழுப்புக் குமிழில் ஏற்றிய லிப்போசோம் வகைக்கு நாடெங்கும் அலைந்த நேரம். கிடைக்காத நாட்களில் சாதா ஆம்போடெரிசினைத்தான் ஏற்றினோம். டிரிப் ஏறிக் கொஞ்ச நேரத்தில் உதறல் ஆரம்பிக்கும். இரண்டு கம்பளி போர்த்தித் தோளை அழுத்திப் பிடித்தாலும் கட்டில் ஆடும். ஒரு கண்ணை எடுத்திருந்த பெரியவர் ஒருவர், மஞ்சள் பாட்டிலைப் பார்த்ததுமே "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடும்மா" என்று கும்பிட்டார். விட முடியுமா? சில நாளில் அவருக்குச் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறிவிட்டது.

அப்புறம் லிப்போசோம் வந்தது. அதே மருந்து, அதே மஞ்சள். ஏற்றிவிட்டுக் கம்பளியோடு பக்கத்திலேயே நின்றேன். அரை மணி ஆயிற்று. உதறவில்லை. தூங்கிவிட்டார்.

பூஞ்சையின் சவ்வில் ஓட்டை போடும் மருந்து நம் செல்லையும் விடாது, சிறுநீரகம் அடி வாங்கும். குமிழின் கொழுப்புச் சுவரிலேயே பதித்துவிட்டால் பூஞ்சையிடம் போய்ச் சேரும்வரை பெரும்பாலும் அதிலேயே இருக்கும் என்று நீதானே காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினாய். அதை நான் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தேன், கண்ணு. உன் மருந்து வேறாக இருக்கலாம். ஆனால் உன் மேசையில் கசிவதை, இங்கே ஒரு மனிதர் உடம்பால் தாங்குகிறார். பீகாரில் காலா அசார் என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சலுக்கு இதே மருந்தை ஒரே தடவை ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். யாரோ கசிவோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

ஒன்று கேட்கவா? எங்களுக்கு வந்தது 50 மில்லிகிராம் குப்பி. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு குப்பி. ஒவ்வொன்றிலும் 12 மில்லி தண்ணீர் விட்டு, அரை நிமிஷம் வேகமாகக் குலுக்கி, வடிகட்டி, குளுக்கோஸில் கலக்க வேண்டும். சலைன் பட்டால் பால் மாதிரி திரிந்துவிடும். பத்து நோயாளி என்றால் அறுபது குப்பி, மணிக்கட்டு விட்டுப்போகும். குலுக்காமலே கலக்கிற மாதிரி, சலைனிலும் திரியாத மாதிரி செய்ய வழி உண்டா என்று உன் கைடிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா