வெளிநாட்டு செமஸ்டரில் பணிப்பயிற்சிக்கும் பாடத்துக்குரிய இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டப்படிப்பின் ஒரு செமஸ்டரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, வாரத்தில் ஓரிரு நாள்கள் அங்குள்ள நிறுவனமொன்றில் இன்டர்ன்ஷிப் எனப்படும் பணிப்பயிற்சி செய்யும் வாய்ப்பை இன்று பல கல்வி நிறுவனங்கள் வழங்குகின்றன. மாணவர்களை இவ்வாறு அனுப்பிவைக்கும் பணியில் ஈடுபட்டிருக்கும் ஆசிரியர் என்ற முறையில், இந்த ஏற்பாட்டை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். எனினும், வகுப்புகளுக்கு உள்ள ஒழுங்கும் பொறுப்பும் பணிப்பயிற்சிக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதையும், அந்தக் குறையைக் களையும் கடமை மாணவரை அனுப்பும் கல்வி நிறுவனத்துக்கே முதலில் உண்டு என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இந்த ஏற்பாட்டின் இரு கூறுகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் தொடங்கிய திட்டத்தில், பொறியியல் மாணவர்கள் வகுப்பறையிலும் தொழிற்சாலையிலும் மாறி மாறிப் பயின்றனர். 1923-இல் டெலவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பி, அவர்கள் அங்கே படித்த ஓராண்டைத் தன் பட்டப்படிப்பின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டது. வெளியே கழியும் காலம் பட்டத்தின் கணக்கில் சேரும் என்ற உறுதி இருந்ததனால்தான் இவ்விரு முயற்சிகளும் வேரூன்றின என்று கருதுகிறேன்.

அந்த உறுதி இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு இத்தாலியக் கல்வியாளர் சோஃபியா கொராடியின் அனுபவம் சான்றாக உள்ளது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று 1958-இல் நாடு திரும்பிய அவருடைய படிப்பை ஏற்க ரோம் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அதன் பிறகு அவர் பல ஆண்டுகள் விடாமல் வாதாடினார். 1987-இல் 11 நாடுகளும் 3,244 மாணவர்களுமாக, எராஸ்மஸ் என்னும் ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கியதற்கு அவருடைய உழைப்பு ஒரு முக்கியக் காரணம். இன்று அந்தத் திட்டத்தின்கீழ் பயிற்சிக்குச் செல்லும் மாணவர், புறப்படும் முன்பே ஒரு கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அனுப்பும் கல்வி நிறுவனமும் ஏற்கும் நிறுவனமும் அதில் கையெழுத்திடுகின்றன. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, என்னென்ன பணிகள், மேற்பார்வையாளர் யார், எவ்வாறு மதிப்பீடு செய்யப்படும், விபத்துக் காப்பீடு உண்டா, பட்டத்தின் கணக்கில் சேரும் எத்தனை கிரெடிட் (மதிப்பலகு) கிடைக்கும் என்பன அனைத்தும் அதில் எழுத்தில் இருக்கும். எராஸ்மஸுக்கு வெளியே, இரு பல்கலைக்கழகங்கள் தமக்குள் செய்துகொள்ளும் பரிமாற்ற ஏற்பாடுகளில் இத்தகைய ஆவணத்தை நான் அரிதாகவே காண்கிறேன். பாடங்களின் பட்டியல் விரிவாக இருக்கிறது. பயிற்சியைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது.

அந்த ஒற்றை வரி மாணவர்மீது ஏற்றும் சுமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் முழுநேர மாணவருக்கு ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக, வாரத்தில் இரண்டு நாள்கள், 15 வாரங்களுக்கு ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் 240 மணி நேரம் ஆகிறது. மிகக் குறைத்து மதிப்பிட்டாலும் அது எட்டு கிரெடிட்டுக்குச் சமம். அதாவது, முழு செமஸ்டருக்கான உழைப்பில் கால் பங்குக்கும் மேல். இதற்கு இரண்டோ மூன்றோ கிரெடிட் மட்டும் வழங்கிவிட்டு, மற்றபடி முழு அளவு பாடங்களையும் எடுக்கச் சொல்வது, புதிய ஊரில், புதிய மொழிச் சூழலில், வேறுபட்ட தேர்வு முறையில் திணறிக்கொண்டிருக்கும் மாணவரிடம் இரட்டிப்பு வேலை வாங்குவதாகும். அவர் வகுப்பைக் கைவிடுவார், அல்லது பயிற்சியைப் பெயரளவுக்கு முடிப்பார். இரண்டையும் நான் கண்டிருக்கிறேன். அந்த மாணவர்களின் திறமையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணியின் தன்மையும் இதே அளவு முக்கியமானது. சுற்றுச்சூழல் பொறியியல் பயின்ற மாணவி ஒருவர், நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனம் ஒன்றில் சேர்ந்ததிலிருந்து பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையையே செய்துவந்தார். ஒப்பந்தத்தில் எந்தப் பணியும் குறிப்பிடப்படாததால் அவரால் எதையும் கேட்க இயலவில்லை. அங்கே அவருக்கு நீர் வேதியியல் கற்பித்த பேராசிரியரும் நாங்களும் சேர்ந்து நிறுவனத்துக்கு எழுதிய பிறகே, நீர் மாதிரி சேகரிக்கும் குழுவில் அவரைச் சேர்த்தார்கள். அதன்பின் காலையில் தாம் எடுத்த மாதிரியின் முடிவுகளோடு மாலை வகுப்புக்குச் சென்று, பாடநூல் கூறும் அளவும் களத்தில் கிடைத்த அளவும் ஏன் வேறுபடுகின்றன என்று அவர் கேள்வி எழுப்பத் தொடங்கினார். வகுப்பும் பயிற்சியும் ஒரே செமஸ்டரில் அமைவதன் பயன் முழுவதும் இத்தகைய கேள்வியில்தான் இருக்கிறது. கோடை விடுமுறையில் தனியே ஒரு பயிற்சியை முடித்துவிட்டு வருபவருக்கு, மறுநாளே சென்று கேட்பதற்கு ஓர் ஆசிரியர் இருப்பதில்லை.

சட்ட அனுமதியைப் பொறுத்தவரை, சிறு கவனக்குறைவும் பெரும் தீங்காக முடியலாம். பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் ஆறு மாதங்கள் வரை படிக்க இடமுண்டு. ஆனால், அந்த விசாவில் இன்டர்ன்ஷிப் செய்யக்கூடாது. ஊதியம் பெறவில்லை என்று சொல்வதால் தடை நீங்கிவிடாது. அமெரிக்காவில் எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் உள்ளவர் பாடத்திட்டம் சார்ந்த பணிப்பயிற்சியில் ஈடுபட, பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டை அங்கே முடித்திருக்க வேண்டும் என்பதால், ஒரே செமஸ்டருக்குச் செல்பவருக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டதே. பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் செல்லும் மாணவருக்கு வழி உண்டு. ஆனால், வேலையில் சேரும் முன்பே எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும். இத்தகைய விதிகளை இருபது வயது மாணவரே தேடிக் கண்டறியட்டும் என்று விடுவது முறையாகாது. விதி மீறியவர் என்ற பதிவு, பிற்காலத்தில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ அவர் விசா கேட்கும்போதும் எதிரே வந்து நிற்கும்.

ஊதியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரான்சில் ஒரே கல்வியாண்டில் ஒரே நிறுவனத்தில் இரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட பயிற்சிக்கு உதவித்தொகை வழங்குவது சட்டப்படி கட்டாயம். ஜெர்மனியில் 2015-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டமோ, பாடத்திட்டம் கட்டாயமாக்கியுள்ள பயிற்சிகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே, பயிற்சியைப் பாடமாக்குங்கள் என்று நான் கோருவது சில நாடுகளில் மாணவரின் வருமானத்தைக் குறைக்கவும் கூடும். இதை உணர்ந்தே கோருகிறேன். அவ்வாறு குறையும் இடத்தில், அனுப்பும் கல்வி நிறுவனம் பயண உதவித்தொகையை உயர்த்தியோ, ஏற்கும் நிறுவனத்தோடு பேசியோ ஈடுசெய்ய வேண்டும். இல்லையேல், ஊதியமில்லாமல் நான்கைந்து மாதங்கள் வெளிநாட்டில் வாழ வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய வாய்ப்பாக இது சுருங்கிவிடும். வசதியில்லாத மாணவர் விண்ணப்பிக்கவே தயங்குவார்.

பரிமாற்ற ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும்போது, பயிற்சியின் மணி நேரம், பணிகள், கிரெடிட், மேற்பார்வையாளர், விசா அனுமதி, காப்பீடு, உதவித்தொகை ஆகியவற்றை விவரிக்கும் தனிப் பகுதியை அவற்றில் சேர்க்குமாறு பல்கலைக்கழக நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேற்பார்வையாளரும் அனுப்பும் துறையின் ஆசிரியரும் செமஸ்டரின் நடுவில் ஒருமுறையாவது பேசிக்கொள்ள வேண்டும். பணி சரியில்லாவிட்டால் மாற்றுவதற்கு அப்போதுதான் அவகாசம் இருக்கும். விண்ணப்பிக்க எண்ணும் மாணவர்களும் பெற்றோரும், இந்த விவரங்கள் எழுத்தில் கைக்கு வரும்வரை பயணச்சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பரிமாற்றக் கல்வித் திட்டத்தில் பணியாற்றும் ஓர் ஆசிரியர்